ஆறாவது பல்

எங்கள் வீட்டு அலுமாரியிலே, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் என் பட்டச் சான்றிதழும் இருக்கும் தட்டில், ஒரு சிறிய தகரச் சிமிழ் இருக்கிறது. அதற்குள்ளே பஞ்சிற் பொதிந்து ஒரு பல் வைக்கப்பட்டிருக்கிறது. என் மகளின் ஒன்பதாவது வயதிற் பிடுங்கப்பட்ட பல் அது. காண்பவர்கள், தந்தையொருவன் தன் பிள்ளையின் பாற்பல்லை ஆசையோடு சேமித்து வைத்திருக்கிறான் என்றே எண்ணுவர். அது பாற்பல்லன்று. அதைப் பாற்பல் என்று எண்ணியதுதான் நான் செய்த பிழை. அப்பிழையை இன்னொரு வீட்டில் இன்னொரு தந்தை செய்யாதிருக்கவேண்டும் என்னும் எண்ணமே இதனை எழுதத் தூண்டியது.

நான் கல்லூரியொன்றில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இரசாயனம் கற்பித்து வருபவன். அமிலங்களைப் பற்றிய பாடம் வரும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு பரிசோதனையைச் செய்துகாட்டுவது என் வழக்கம். கோழிமுட்டை ஒன்றைக் கண்ணாடிக் குவளையிலுள்ள வினாகிரியில் இட்டு மேசைமேல் வைத்துவிடுவேன். சிறிது நேரத்தில் முட்டையோட்டின்மீது குமிழிகள் தோன்றும். மறுநாள் வகுப்புக்கு வரும்போது ஓடு கரைந்துபோய், மெல்லிய தோலுக்குள்ளே முட்டை நடுங்கிக்கொண்டிருக்கும். மாணவர் வியப்போடு தொட்டுப் பார்ப்பர். முட்டையோடு கல்சியம் காபனேற்றினால் ஆனது. பல்லின் மேற்போர்வையாகிய எனாமல், கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த வேறொரு பொருளால் ஆனது. ஆயினும் அமிலத்துக்கு முன்னால் இரண்டும் கரையும் என்று விளக்கி, "ஆகையினாலே பல்லைப் பேணுங்கள்" என்று பாடத்தை முடிப்பேன். அந்த வாக்கியத்தை அத்தனை ஆண்டுகள் சொல்லியும், என் பிள்ளையின் வாயை ஒருநாளாவது வெளிச்சத்திலே திறந்து பார்த்தேனா என்றால், இல்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைச் சாட்டாகக் கூறவில்லை. என் இளமைப் பருவம் யாழ்ப்பாணத்திலே யுத்தத்தோடு கழிந்தது. 1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது அரிதாகியபோது, சீனி எங்கள் வீட்டில் மருந்தைப் போல அளந்து எடுக்கப்பட்டது. வெறுந் தேநீரைக் கையிலே வைத்துக்கொண்டு சிறு பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக் கடித்துக் குடிப்போம். சில நாட்களில் அந்தத் துண்டையும் தங்கையோடு பங்கிடவேண்டும். கடையிலே போத்தலுக்குள் இருந்த ரொபிகளைப் பார்த்துக்கொண்டு நின்று, பார்த்த சுகத்தோடு வீடு திரும்பிய நாட்கள் பல. காலையில் குரக்கன் பிட்டு அல்லது ஒடியற் பிட்டு. பகலிலே சோறும் முருங்கையிலை வறையும். மாலையில் கிடைத்தால் அவித்த கடலை, இல்லாவிட்டால் பனங்கிழங்கு. இதுவே எங்கள் உணவு. நாங்கள் அதனை வறுமையென்றே நினைத்தோம்.

ஆகையால் உத்தியோகம் கிடைத்து, திருமணமாகி, மகளும் பிறந்தபோது, எனக்கு இல்லாதுபோன இனிப்பு என் பிள்ளைக்கு ஒருநாளும் இல்லாதிருத்தல் ஆகாது என்று மனத்துக்குள் உறுதி செய்துகொண்டேன். மாலையிலே சட்டைப் பையில் இரண்டு ரொபி இல்லாமல் நான் வீட்டுப் படலையைத் திறந்ததில்லை. மோட்டார்ச் சைக்கிளின் சத்தம் கேட்டதும் அவள் ஓடிவந்து என் பைக்குள்ளே கையை விடுவாள். அந்தச் சிறு கை என் பையைத் துழாவும் இன்பத்துக்கு இணையான இன்பம் வேறில்லை என்றே அன்று எண்ணினேன். இன்றும் அவ்வாறே எண்ணுகிறேன். அன்பிலே பிழையில்லை. அந்த அன்பை எதனிற் பொதிந்து கொடுத்தேன் என்பதிலேதான் பிழை.

அவளுக்கு ஏழு வயது நடந்தபோது, ஒருநாள் முற்றத்திலே அண்ணாந்து சிரித்தாள். கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில், கடைசியாகத் தெரிந்த பல்லின் நடுவே ஊசிமுனையளவு கபில நிறப் புள்ளியொன்று என் கண்ணிற் பட்டது. என் தாயாரிடம் காட்டினேன்.

"பாற்பல்லுத்தானே தம்பி, விழுந்து முளைக்கும்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. முன்பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துகொண்டிருந்த காலம் அது. விழுந்த பல்லையெல்லாம் அவள் கூரைமேல் எறிந்து புதுப்பல் கேட்பாள். சில வாரங்களிலே, கேட்டது கேட்டபடி கிடைத்துவிடும். முன்பற்கள் விழத் தொடங்கும் அதே வயதில், வாயின் பின்புறத்திலே நிலையான பல்லொன்று ஓசையின்றி வந்து நிற்கும் என்பது பட்டதாரியான எனக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த என் தாயாருக்கும் தெரியாது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நவராத்திரி காலம் வந்தது. பாடசாலை வாணி விழாவிலே பாடுவதற்காக மகள் இரண்டு வாரமாகப் பயிற்சி பெற்றுவந்தாள். விழாவுக்கு முதல்நாள் இரவு, பதினொரு மணியளவில், கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தாள். கராம்பை நசுக்கி வைத்தோம். உப்புநீராற் கொப்பளிக்கச் செய்தோம். என் தாயார் திருநீறு பூசினார். விடியும்வரை அவள் என் மடியிலே கிடந்து முனகினாள். பொழுது விடிந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. தைத்து வைத்த பட்டுப் பாவாடை கொடியிலே தொங்க, நாங்கள் வைத்தியசாலைக்குப் போனோம்.

பல் வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. மகளின் வாயைப் பொறுமையோடு பார்த்தார். பின்பு என்னை அருகே அழைத்து, "மாஸ்ரர், இதை எந்தப் பல் என்று நினைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"பாற்பல் என்றுதான்."

"நடுவில் இருந்து எண்ணிப் பாருங்கள். ஆறாவது பல். ஆறு வயதிலே வருகிற பல். இது விழுந்து முளைக்கிற பல் இல்லை. எழுபது, எண்பது வயதுவரை இருக்கவேண்டிய பல்."

பல் வேர்வரை அழிந்துவிட்டபடியால் அதைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். பேச்சுக்கிடையே, நான் என்ன பாடம் கற்பிக்கிறேன் என்று விசாரித்தார். இரசாயனம் என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பஞ்சைக் கடித்தபடி பின்னால் இருந்த மகள், பல்லைப் பொதிந்த கடதாசியைக் கையிலே இறுகப் பிடித்திருந்தாள். படலையடியில் இறங்கியதும் கூரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதையும் எறிஞ்சா முளைக்குமோ?"

நான் எத்தனையோ மாணவரின் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடதாசியை அவளிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையிலே போட்டேன். முந்தைய நாள்வரை ரொபி இருந்த பை அது.

அதன்பின்பே நான் பல்லைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் பெற்றோர் ஒவ்வொருவரும் அறியவேண்டியவை சிலவற்றைச் சொல்லுகிறேன்.

குழந்தைக்கு முளைக்கும் பாற்பற்கள் இருபது. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முதற்பல் தோன்றி, மூன்று வயதுக்குள் இருபதும் நிறைந்துவிடும். வாயின் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் எண்ணினால் ஐந்து பற்கள் இருக்கும். ஆறு வயதளவில், அந்த ஐந்தாவது பல்லுக்கும் பின்னால், வெறும் முரசைக் கிழித்துக்கொண்டு ஆறாவது பல் வருகிறது. எந்தப் பல்லும் ஆடவில்லை. எந்தப் பல்லும் விழவில்லை. ஆகையாற் புதுப்பல் வந்ததை எவரும் அறிவதில்லை. மேலும் கீழும் இருபுறமுமாக இவ்வாறு வருபவை நான்கு. உணவை அரைக்கும் வேலையிற் பெரும்பங்கு இவற்றினுடையது. மற்ற நிலைப்பற்கள் ஒழுங்காக வந்து அமைவதற்கும் இவையே ஆதாரம். குழந்தை பிறக்கும் வேளையிலேயே இப்பல்லிற் கல்சியம் படியத் தொடங்கிவிடுகிறது என்று அறிந்தபோது என் மனம் திடுக்கிட்டது. தாடைக்குள்ளே ஆறு ஆண்டுகள் இருந்து உருவாகி வந்த பல்லை நான் மூன்றே ஆண்டுகளில் அழியவிட்டேன்.

பாற்பல்தானே என்று அலட்சியம் செய்வதும் தவறு. சில பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருந்து தொழில் செய்யவேண்டியவை. பின்னால் வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பவை. அவை காலத்துக்கு முந்தி அழிந்தாற் பக்கத்துப் பற்கள் சரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, புதிய பல் கோணலாக வரும்.

இனி, பல் எவ்வாறு கெடுகிறது என்பதைப் பார்ப்போம். பல்லிலே புழு இருந்து அரிக்கிறது என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். புழு இல்லை, ஆயினும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் பல்லின் மேலே படலமாக ஒட்டியிருக்கின்றன. நாம் உண்ணும் சீனியே அவற்றுக்கும் உணவு. அவை அதை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. சீனி வாய்க்குட் சென்ற சில நிமிடங்களிலேயே அப்படலத்தின் பீ.எச். பெறுமானம் 5.5க்குக் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் எனாமல் கரையத் தொடங்குகிறது. பின்பு உமிழ்நீர் ஊறி அமிலத்தைத் தணித்து, கரைந்த கல்சியத்தில் ஒரு பகுதியை மீண்டும் பல்லிலே சேர்க்கிறது. இதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ செல்லும். அமெரிக்கரான ஸ்ரெபான் 1940களிலேயே இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து வரைபடமாக்கினார். ஆகவே வாயினுள்ளே நாள்தோறும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடைபெறுகிறது. உமிழ்நீருக்குப் போதிய அவகாசம் கொடுத்தாற் கணக்குச் சரியாகும். அவகாசம் கொடாவிட்டால் நட்டம் சேர்ந்து சேர்ந்து பல்லிலே குழியாகும். எனாமல் நம் உடம்பிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது. ஆனால் உயிரணு இல்லாதது. தோல் கிழிந்தால் வளரும். எலும்பு முறிந்தாற் பொருந்தும். குழி விழுந்த எனாமல் மீண்டும் வளராது.

இதைப் படித்த அன்றிரவு, என் மகளின் ஒருநாட் கணக்கை ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். காலையிற் சீனி போட்ட தேநீர். பாடசாலைக்குப் போகுமுன் பிஸ்கற். இடைவேளையிலே பணிஸும் இனிப்புப் பானமும். பாடசாலை விட்டதும் ஒரு ரொபி. நாலு மணித் தேநீர். நான் கொண்டுவரும் ரொபி. படுக்கப்போகும்போது சீனி கரைத்த பால். மொத்தம் ஏழு முறை. ஒவ்வொன்றுக்கும் அரைமணி என்றாலும் நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம் அந்தப் பல் அமிலத்திலே தோய்ந்திருக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது மிகக் குறைவாதலால், கடைசியாகக் குடித்த பாலே எல்லாவற்றிலும் கொடியது. என் வகுப்பறை மேசையில் இருந்த முட்டை ஒருநாளில் இழந்ததை, என் வீட்டிலிருந்த பல் சிறிது சிறிதாக மூன்று ஆண்டுகளில் இழந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவள் உட்கொண்ட சீனி அதிகமன்று. ஆயின் பல், அளவைப் போலவே தடவையையும் எண்ணுகிறது. இந்த உண்மையை நான் அறிந்திருக்கவில்லை.

இதனை நிரூபித்த ஆராய்ச்சியொன்று சுவீடன் நாட்டில் நடைபெற்றது. லுண்ட் நகரத்திலே, அறிவு வளர்ச்சி குன்றியோரைப் பராமரித்த விப்பெஹோம் என்னும் நிலையத்தில், 1945ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள், அங்கிருந்தோருக்குச் சீனியைப் பலவகையாகக் கொடுத்துப் பார்த்தனர். உணவோடு சேர்த்துச் சீனி உண்டவர்களின் பற்கள் அவ்வளவாகக் கெடவில்லை. உணவு வேளைகளுக்கு இடையிடையே, ஒட்டும் தன்மையுள்ள ரொபிகளை உண்டவர்களின் பற்களோ மிக விரைவாக அழிந்தன. முடிவுகள் 1954இல் வெளிவந்தன. தம் சம்மதத்தைச் சொல்ல இயலாத மனிதரின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. அப்படிச் செய்தது அறமாகாது என்று இன்று உலகம் ஒப்புக்கொள்கிறது. அவர்கள் கொடுத்த விலையை நினைத்தாவது நாம் அந்த அறிவை வீணாக்காதிருக்க வேண்டும். அதன் பின்பு சுவீடனிலே, பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள் மட்டும் இனிப்புக் கொடுங்கள் என்று அறிவுறுத்தினர். "சனிக்கிழமை இனிப்பு" என்னும் அவ்வழக்கம் அந்நாட்டுக் குடும்பங்களிலே இன்றும் இருக்கிறது.

அவுஸ்திரேலியாவிலுள்ள ஹோப்வூட் என்னும் சிறுவர் இல்லத்தின் வரலாறு, மரக்கறி உணவு உண்ணும் நமக்குச் சுவையானது. 1940களிலே தொடங்கிய அந்த இல்லத்திற் பிள்ளைகளுக்கு மரக்கறியும் பாலும் தீட்டாத தானியமும் கொடுத்து வளர்த்தனர். சீனியும் வெள்ளை மாவும் மிக அரிது. வெளியிலுள்ள பிள்ளைகளைவிட அவர்களிடம் பற்சொத்தை மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் வளர்ந்து இல்லத்தைவிட்டு வெளியேறி, ஊரார் உண்பதை உண்ணத் தொடங்கியதும் சொத்தையும் தொடங்கியது. நல்ல பல் ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் வரமன்று. நாள்தோறும் காக்கவேண்டிய பொருள் என்பதை இது காட்டுகிறது.

இதைப் படித்தபோது என் இளமைக்கால உணவை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு இன்றுவரை ஒரு பல்லும் பழுதாகவில்லை. வேப்பங்குச்சியாலும் உமிக்கரியாலும் தேய்த்த புண்ணியம் என்றே பெருமையாகச் சொல்லி வந்தேன். உண்மை வேறு. சீனி எங்களை நாளுக்கு ஏழு முறை தேடி வரவில்லை, அவ்வளவுதான். யாரும் விரும்பாத அந்தப் பஞ்சகாலம் எனக்குச் செய்த ஒரேயொரு நன்மையை நான் குறையென்று எண்ணி, என் மகளுக்கு அதை நிவிர்த்தி செய்ய முயன்றேன். பனங்கட்டி இயற்கையானது, அது பல்லுக்கு ஒன்றும் செய்யாது என்று சிலர் சொல்லுவர். அதுவும் இனிப்புத்தான், பற்றீரியா அதனையும் விட்டுவைப்பதில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டிற் சில வழக்கங்கள் மாறின. முதலாவதாக, சாப்பாட்டு மேசையில் இருந்த சீனிப் பேணி அடுக்களையின் மேல் தட்டுக்குப் போயிற்று. அதனை எடுத்து வைத்தவர் என் தாயார். "பாற்பல்லுத்தானே" என்று சொன்ன வாக்கை அவர் மறக்கவில்லை. நானும் ஒருநாளும் அதனைச் சொல்லிக் காட்டியதில்லை. இனிப்பை நாங்கள் அடியோடு விலக்கவில்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் உண்டு. தீபாவளிக்குப் பலகாரம் உண்டு. கோயிற் பஞ்சாமிர்தத்தை யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. இனிப்புக்கு நம் பெரியோர் நாளும் வேளையும் வகுத்துத்தான் வைத்திருந்தனர். அதனை எல்லா நாளுக்கும் எல்லா வேளைக்கும் உரியதாக்கியவர்கள் நாங்கள். இப்பொழுது இனிப்பு உண்டானால் அது சாப்பாட்டோடு சேர்ந்தே வரும், இடைவேளைகளில் வாராது.

பிள்ளைக்குப் பசித்தால் அவித்த கடலை, வறுத்த கச்சான், கொய்யாப்பழம், வெள்ளரிப் பிஞ்சு, மோர் ஆகியவை இருக்கின்றன. மென்று தின்னும் உணவு உமிழ்நீரை ஊறச் செய்கிறது. பல்லும் எலும்பும் வளரும் பருவத்துக்குக் கல்சியம் வேண்டும். பாலிலும் தயிரிலும் மட்டுமன்றி, குரக்கனிலும் எள்ளிலும் முருங்கையிலையிலும் அது நிறைய உண்டு. குரக்கன் மாவிலுள்ள கல்சியம், எடைக்கு எடை பாலிலுள்ளதைவிட அதிகம். ஏழை வீட்டு உணவென்று நாங்கள் ஒதுக்கிய குரக்கன் பிட்டு மீண்டும் எங்கள் காலைத் தட்டுக்கு வந்தது. மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள். நானும் அதையே உண்பதைக் கண்ட பின்பு பேசாமல் உண்டாள். பெற்றோர் சீனித் தேநீரைக் குடித்துக்கொண்டு பிள்ளைக்கு உபதேசம் செய்தாற் பயனில்லை.

இரவிற் பல் துலக்கிய பின்பு தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது எங்கள் வீட்டின் இரண்டாவது சட்டம். கைக்குழந்தையைப் பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கவிடுவதும் இதனாலேயே தீது. காலையும் இரவும் புளோரைட்டு உள்ள பற்பசையால் துலக்குதல் வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணியளவு பற்பசையும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பட்டாணிக் கடலையளவும் போதும். வடமத்திய மாகாணத்தின் சில பகுதிகளைப் போல, கிணற்றுநீரிலே புளோரைட்டு மிகுந்து பற்களிற் கறை படியும் இடங்களில் வாழ்வோர் வைத்தியரைக் கேட்டுப் பற்பசையைத் தெரிவு செய்தல் நன்று. ஏழெட்டு வயதுவரை பிள்ளை தானாகத் துலக்கினாலும், பின்பற்களைப் பெரியவர் ஒருமுறை துலக்கி விடவேண்டும்.

போத்தற் பானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் இனிப்புப் பானங்களின் போத்தல்களிற் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறக்குறி இடும் முறை கொண்டுவரப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராம் சீனி கொண்ட பானம் 400 மில்லிலீற்றர் குடித்தால், 44 கிராம் சீனி, அதாவது பதினொரு தேக்கரண்டி வயிற்றுக்குட் போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல், உணவிலே சேர்க்கும் சீனி, உடம்புக்கு வேண்டிய மொத்தச் சக்தியிற் பத்திலொரு பங்குக்கு உட்படவேண்டும் என்றும், இருபதிலொரு பங்குக்கு உட்பட்டால் மேலும் நல்லது என்றும் கூறியது. இருபதிலொரு பங்கு என்பது வளர்ந்தவருக்கே ஆறு தேக்கரண்டியளவு. சிறுவருக்கு அதனினும் குறைவு. அம்மிகுதி பல்லோடு நின்றுவிடுவதில்லை. உடற்பருமனுக்கும், பிற்காலத்தில் நீரிழிவுக்கும் வழி திறக்கிறது.

மகளின் பல்லை இழந்த பின்பு என் வகுப்பறையும் எனக்கு வேறாகத் தெரிந்தது. கடைசி வாங்கிலே கன்னத்திற் கையை வைத்துக்கொண்டு இருக்கும் மாணவனைக் கண்டால் முன்பெல்லாம், "என்ன, நித்திரையோ?" என்று அதட்டுவேன். ஒருநாள் அவ்வாறிருந்த ஒரு மாணவனைத் தனியே அழைத்து விசாரித்தேன். மூன்று வாரமாகப் பல்வலி. வீட்டிற் சொன்னால் வைத்தியரிடம் கொண்டுபோகத் தாயாருக்கு ஒருநாட் கூலி போய்விடும் என்று சொல்லாதிருந்திருக்கிறான். மூன்று வாரமாக அவன் சரியாக உண்ணவில்லை, உறங்கவில்லை. நான் அவனைச் சோம்பேறி என்று தவணை அறிக்கையில் எழுத இருந்தேன். வலிக்கும் வாயோடு இருக்கும் பிள்ளைக்கு எந்த ஆசிரியனாலும் எதையும் கற்பிக்க முடியாது.

எங்கள் நாட்டிலே பாடசாலைப் பற்சிகிச்சையாளர் சேவை என்று ஒன்று இருப்பதைப் பெற்றோர் பலர் மறந்துவிடுகின்றனர். நியூசிலாந்து 1921இல் தொடங்கிய முறையை ஒட்டி அமைந்தது அது. மகரகமவிலே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் சிறுவரின் பற்களைப் பார்க்கின்றனர். அரசாங்க வைத்தியசாலைகளிலும் பற்சிகிச்சை இலவசம். வலி வந்த பின்பு போவதைவிட, வலி இல்லாதபோதே போவது சிறப்பு. ஆறாவது பல் வந்தவுடன் போனால், அதன் மேற்புறத்திலுள்ள பள்ளங்களை மூடிப் பூசிவிடவும் வழியுண்டு.

என் மகளுக்கு இப்பொழுது பதினைந்து வயது. இன்றும் அவள் வலப்பக்கத்தாலேயே அதிகம் மெல்லுகிறாள். அண்மையில் என் தங்கையின் கடைக்குட்டிக்கு முதற்பல் முளைத்து, வீட்டிலே பல்லுக்கொழுக்கட்டை அவித்தோம். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் பல்லாகச் சீவிக் கொழுக்கட்டையின் விளிம்பிலே பதித்தவள் என் மகள்தான். குழந்தையை இருத்தி, தலைக்கு மேலே கொழுக்கட்டையைச் சொரிந்து, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த வேளையில், அவள் மெதுவாக என் தங்கையிடம் சொன்னாள்:

"மாமி, இவருக்கு ஆறு வயசிலை பின்னாலை ஒரு பல்லு வரும். அது விழாத பல்லு. மறக்காமற் பாத்துக்கொள்ளுங்கோ."

நான் அடுக்களைப் பக்கம் போய்விட்டேன்.

அந்த முதற்பல்லைக் கொண்டாட நமக்கு ஒரு சடங்கு இருக்கிறது. ஆறாவது பல்லுக்குச் சடங்கில்லை. அதனை வரவேற்பாரும் இல்லை. பெற்றோர்களே, உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால், இன்று மாலையே வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஐந்துக்கு அப்பால் ஒரு பல் இருக்குமானால், உங்கள் பிள்ளை முதுமை வரை வைத்திருக்கவேண்டிய பல் அதுவே. அதிலே கபில நிறப் புள்ளி ஏதும் தெரிந்தால் நாளையே வைத்தியரிடம் போங்கள். மாலையில் வீடு திரும்பும்போது, சட்டைப் பையில் ரொபிக்குப் பதிலாக ஒரு கொய்யாப்பழத்தை வைத்துக்கொண்டு போங்கள். பையைத் துழாவும் அந்தச் சிறு கைக்கு வேண்டியது உங்கள் வரவே. அதை நான் காலந்தாழ்த்தி அறிந்தேன்.